பழவேற்காட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை: மனநல அவசர சிகிச்சை கடந்து வந்த பாதை

மனநோயினால் ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ, அருகில் இருப்பவர்களுக்கோ உடனடி ஆபத்து நேரும் வேளையில் மருத்துவமனையில் அளிக்கப்படும் உதவியே மனநல அவசர சிகிச்சை ஆகும். நெஞ்சுவலி என்றால் நள்ளிரவிலும் வண்டி தேடும் குடும்பம், மனம் கலங்கியவரை மட்டும் விடியும் வரை, சில வேளை மாதக்கணக்கில், வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பது தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் காணப்படும் நிலை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு ஏரியை ஒட்டி வாழும் மீனவக் குப்பங்களும் இதற்கு விலக்கல்ல. சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தோன்றி 230 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த உதவி ஏரிக்கரை வரை வந்து சேர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது, இன்று அதை எவ்வாறு பெறலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியும் குப்பங்களும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணி ஆறு இங்கே வந்து கலக்கிறது. ஸ்ரீஹரிக்கோட்டா தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் வந்து போகும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடமாகப் பழவேற்காடு 1690 வரை விளங்கியது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் ஏரி மீன்பிடிப்பு 'பாடு' என்னும் முறைப்படி நடந்து வருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடலாம் என்பதை ஊரார் கூடி முறை வைத்து வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. முறை தவறினால் அன்றைய வருமானம் போயிற்று. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் இப்பகுதியில் உண்டு. அவர்களுக்கும் நாள்கூலி போன்ற வாழ்க்கைதான். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் மீன் குறையும். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு கடலில் இறங்காது.

ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான மணல்திட்டில் கலங்கரை விளக்கக் குப்பம் போன்ற ஊர்கள் உள்ளன. அவற்றைப் பழவேற்காட்டுடன் ஒரு பாலம் இணைக்கிறது. ஆந்திர எல்லைக்குள் உள்ள இரக்கம் தீவு போன்ற இடங்களுக்குப் படகே வழி. ஏரிப் பயணம் எளிதென்று எண்ணிவிட முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலா சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். உடல்நலம் நன்றாக உள்ளவர்களுக்கே இப்படியானால், மனம் கலங்கி ஓரிடத்தில் உட்கார மறுக்கும் ஒருவரை இரவில் படகில் ஏற்றிச் செல்லும் வீட்டாரின் அச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் முதல் விடுதி

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான வாலண்டைன் கனோலி, மனநோயாளிகளுக்குத் தனி விடுதி வேண்டுமென்று 1793-இல் யோசனை தெரிவித்தார். 1794-இல் புரசைவாக்கம் பகுதியில் 16 பேருடன் அது தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் பிலிப் பினேல் என்ற மருத்துவரும், பூசின் என்ற மருத்துவமனை ஊழியரும் மனநோயாளிகளின் விலங்குகளைக் கழற்றும் சீர்திருத்தத்தைத் தொடங்கினர்.

இரண்டுக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. சென்னை விடுதி தெருவில் திரிந்தோரையும் கம்பெனி ஊழியரையும் ஓரிடத்தில் வைத்துக் காப்பதற்காக ஏற்பட்டது. ஏரிக்கரையில் ஒருவருக்கு இரவில் மனம் கலங்கினால் அங்கே கொண்டு போகலாம் என்ற எண்ணத்துக்கே அன்று இடமில்லை.

அந்நாளில் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குச் சரக்கு சென்றது நீர்வழியில். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் அது வடக்கே பழவேற்காடு ஏரி வரையிலும் அதற்கு அப்பாலும் நீட்டப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது நடந்த பணிகளுக்குப் பின் 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இதன் வழியே படகில் சென்னை சேர்ந்தன. மனம் கலங்கியவருக்கு உள்ளூர்க் கோயிலும், மகிமை மாதா தேவாலயமும், பள்ளிவாசலில் ஓதிக் கட்டும் கயிறும் தாயத்துமே எட்டும் தூரத்தில் இருந்தன.

கீழ்ப்பாக்கம் என்னும் பெயர்

பழைய விடுதியில் இடம் போதாமல் போனதால் 'லோகாக் தோட்டம்' என்னும் 66.5 ஏக்கர் நிலத்தில் புதிய கட்டடங்கள் எழுப்பப்பட்டன. 1871 மே 15 அன்று 145 பேருடன் அரசு மனநோயாளர் காப்பகம் அங்கே திறக்கப்பட்டது. 1922-இல் அது அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1970களின் இறுதியில் மனநலக் கழகம் ஆயிற்று. இன்று அயனாவரம் மேடவாக்கம் குளச் சாலையில் ஏறத்தாழ 1,800 படுக்கைகளுக்கான இடவசதியுடன் இது இயங்குகிறது.

அயனாவரத்தில் இருந்தாலும் மக்கள் வாயில் அது 'கீழ்ப்பாக்கம்' ஆகிவிட்டது. 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய கேஸ்' என்பது தமிழர் பேச்சில் வசையாகவும் திரைப்படங்களில் நகைச்சுவையாகவும் நிலைத்தது. இதன் விளைவு சிரிப்புக்குரியதன்று. ஒரு மருத்துவமனையின் பெயரே அவமானச் சொல்லாகிவிட்டால், அங்கே போக வேண்டியவர் போகமாட்டார். நூறு, இருநூறு வீடுகள் கொண்ட குப்பத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை அங்கே போய்வந்தது மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தங்கையின் திருமணம் தடைப்படுமோ, படகில் கூட்டுச் சேர்க்கமாட்டார்களோ என்ற கவலையில் நோயை மறைப்பவர் பலர்.

சட்டத்தின் மூன்று கதவுகள்

மனநோயாளி மருத்துவமனைக்குள் நுழையும் வழியைத் தொடக்கத்திலிருந்தே சட்டம்தான் தீர்மானித்து வந்துள்ளது. 1858-இல் இயற்றப்பட்ட சட்டங்கள் முதல் கதவை அமைத்தன. திரிபவரையும் ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரையும் காவல்துறை பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த, அவருடைய ஆணையின்பேரில் காப்பகத்தில் சேர்ப்பார்கள். நோயாளி குற்றவாளியைப் போல அதிகாரியின் முன் நின்ற காலம் அது. 1912-ஆம் ஆண்டின் இந்திய மனநோயர் சட்டம், தாமாக விரும்பி வருவோரும் சேரலாம் என்ற சிறு வழியைத் திறந்தது. ஆயினும் மாஜிஸ்திரேட் ஆணையே முதன்மை வழியாக நீடித்தது.

இரண்டாவது கதவு 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். 1993-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், பழைய இழிசொற்களை நீக்கியது. உறவினரின் விண்ணப்பத்தையும் மருத்துவர்களின் சான்றையும் கொண்டு சேர்க்கும் முறையையும் வகுத்தது. ஆனாலும் நெருக்கடியான இரவில் அருகிலுள்ள சாதாரண மருத்துவமனையின் கடமை என்ன என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை.

மூன்றாவது கதவு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இது 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அவசர சிகிச்சைக்கென்றே இதில் 94-ஆம் பிரிவு இடம்பெற்றுள்ளது. இதுபற்றிப் பின்னர் விரிவாகக் காணலாம்.

மருந்து கொண்டுவந்த மாற்றம்

1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டனர். அதன் பிறகே மனச்சிதைவு நோயாளி சில வாரங்களில் தெளிந்து வீடு திரும்பலாம் என்ற நிலை உருவாயிற்று. அடைத்துக் காத்த இடம் குணப்படுத்தி அனுப்பும் இடமாக மாறத் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் மருத்துவர் மா. சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

தற்கொலைத் தடுப்புக்கான 'சினேகா' அமைப்பை மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கினார். ஆதரவற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 'பானியன்' அமைப்பு 1993-இல் உருவானது. அரசின் பக்கம், தேசிய மனநலத் திட்டம் 1982-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பகுதியான மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இத்திட்டம் உள்ளது. இதன்படி மனநல மருத்துவர் குறித்த நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்.

ஏர்வாடித் தீ

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். எழுந்து ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. அவற்றில் இருந்தோரில் பலர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர்.

ஏர்வாடித் தர்காவுக்கு எல்லா மதத்தவரும், எல்லா மாவட்டத்தவரும் செல்வது வழக்கம். மனம் கலங்கியோரை அங்கே கொண்டு விட்ட குடும்பங்கள் இரக்கமற்றவை என்று சொல்லிவிட முடியாது. இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறத் தெரிந்த அக்குடும்பங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநோய்க்கும் மருந்து உண்டு என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. தீ விபத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் அரசு ஒரு நல்ல முடிவெடுத்தது. வழிபாட்டை விலக்காமல், தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவரை அமர்த்தி, வேண்டுதலும் மருந்தும் சேர்ந்து நடக்க வழி செய்தது. கயிறு கட்டிக்கொண்டவர் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று எந்த மதமும் சொல்லவில்லை.

ஆழிப்பேரலையும் மனக்காயமும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களையும் தாக்கியது. படகும் வலையும் வீடும் போயின. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதிலும் தூக்கமின்மை, கடலைக் கண்டாலே நடுக்கம், இறந்தவரின் குரல் கேட்பது போன்ற துன்பங்களுடன் மக்கள் தவித்தனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் தமிழ்நாட்டு மனநல அமைப்புகளும் ஊர் ஊராகச் சென்று ஆறுதல் அளிக்கும் பணியைச் செய்தன. ஆசிரியர்களும் ஊர்ப் பெண்களும் இப்பணிக்குப் பயிற்சி பெற்றனர். மனத்துக்கும் காயம் படும், அதற்கும் மருந்திடலாம் என்ற பேச்சு மீனவ ஊர்களில் பரவலாகக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

எவை அவசர நிலைகள்?

எல்லா மனநோயும் அவசர நிலை ஆகாது. பின்வரும் நிலைகளில் மட்டும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

தன்னை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லுதல் அல்லது அதற்கு முயலுதல். 'சொல்கிறவன் செய்யமாட்டான்' என்பது தவறான நம்பிக்கை. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்பதும் தவறு. பரிவோடு கேட்பது உயிரைக் காக்கும்.

யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற அச்சத்தில் பிறரைத் தாக்க முனைதல். பல நாள் உறக்கமின்றி அளவு கடந்த வேகத்தில் பேசி அலைதல். சோறு தண்ணீர் எடுக்காமல் சிலைபோல் கிடத்தல்.

குழந்தை பிறந்த சில நாள்களில் தாய்க்குத் திடீரெனப் பேச்சும் நடத்தையும் மாறுதல். இதைக் 'காத்து அடித்தது' என்று விட்டுவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. உரிய சிகிச்சையால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவர்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாள்களில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து, இடம் பொழுது தெரியாமல் உளறுதல். மாலை போட்டு ஒரே நாளில் குடியை விட்டவர்களிடம் இது காணப்படுவதுண்டு. 'சாமி குற்றம்' என்று எண்ணி நாள் கடத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். குடியை விடுவது நல்லது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரின் துணையோடு விட வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். காய்ச்சல், சர்க்கரை குறைதல், தலையில் அடி, வெயிலின் தாக்கம், மூளைத் தொற்று ஆகியவையும் ஒருவரை உளற வைக்கும். ஆகவேதான் திடீரெனக் குழம்பியவரை நேராக மனநல மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதை விட, எல்லாத் துறையும் உள்ள பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்வது நல்லது.

குப்பத்திலிருந்து செல்லும் வழி

பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையமும், ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் பொன்னேரியில் அரசு மருத்துவமனையும் உள்ளன. திருவள்ளூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. ஆயினும் ஏரிக்கரை மக்கள் பெரும்பாலும் நாடுவது வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையை. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் முதியோர் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். அங்கே மனநலப் பிரிவும் உண்டு.

முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் இந்த ஊர்தி மனநோயாளிக்கு வராது என்று பலர் எண்ணுகின்றனர். உடல்நோயாளிக்குக் கிடைக்கும் அதே அளவிலும் தரத்திலும் ஆம்புலன்ஸ் சேவை மனநோயாளிக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. அழைக்கும்போது 'பைத்தியம்', 'பேய்' என்று சொல்லாமல், 'மூன்று நாளாகத் தூங்கவில்லை, ஆளைத் தெரியவில்லை, கை நடுங்குகிறது' என்று கண்டதைக் கண்டபடி சொன்னால் உரிய உதவி விரைவில் வரும்.

ஊர்தி வரும் வரை நோயாளியின் அருகே அவர் நம்பும் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருக்க வேண்டும். ஊரே கூடி நின்றால் அச்சம் கூடும். அவர் கேட்பதாகச் சொல்லும் குரல் பொய் என்று வாதிடவும் வேண்டாம், மெய் என்று ஒப்பவும் வேண்டாம். 'பயமாக இருக்கிறதா, கூடவே இருக்கிறோம்' என்றால் போதும். மீன் அறுக்கும் கத்தி, மருந்து, எரிபொருள் போன்றவற்றை அப்புறப்படுத்த வேண்டும். கட்டிப்போடுதல், அடித்தல், புகை போடுதல் கூடாது. ஏரியைக் கடக்க வேண்டியிருந்தால் இருபுறமும் ஆள் அமர்ந்து, படகில் கூட்டம் சேர்க்காமல் வர வேண்டும். முன்பு சாப்பிட்ட மருந்துகளின் அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அட்டையோ சான்றோ இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதற்கான அட்டை இல்லாவிடினும் அரசு மனநலச் சேவை இலவசம் என்று சட்டம் சொல்கிறது.

அவசரப் பிரிவில் முதலில் நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். உடல் காரணம் இருந்தால் அதற்கு மருத்துவம் செய்வார்கள். பின்பு அமைதிப்படுத்தும் மருந்து தந்து, மனநல மருத்துவரை அழைப்பார்கள். 94-ஆம் பிரிவின்படி பதிவுபெற்ற எந்த மருத்துவரும் இந்த அவசர சிகிச்சையைத் தரலாம். மனநல மருத்துவர்தான் தர வேண்டும் என்பதில்லை. மருத்துவமனையில் மட்டுமன்றி நோயாளி இருக்கும் இடத்திலேயும் தரலாம். உடன் வந்த உறவினரின் ஒப்புதலைப் பெறுவார்கள். மனநல நிலையத்துக்குக் கொண்டு செல்வதும் இந்த அவசர சிகிச்சையில் அடங்கும். இது 72 மணி நேரத்துக்கு மட்டுமே. அதற்குள் மனநல நிலையத்தில் பரிசோதித்து, சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரில் மின்னதிர்வு தருவதற்கு அனுமதியில்லை. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. ஏர்வாடியில் மாண்டவர்களுக்கு 16 ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் தந்த பதில் அது எனலாம்.

உயிரை மாய்க்க முயன்றவரைக் கொண்டு சென்றால் 'போலீஸ் கேஸ்' ஆகிவிடும் என்ற அச்சத்தில் பலர் தாமதிக்கின்றனர். சிலர் வேறு காரணம் சொல்லி மருத்துவரையே திசை திருப்புகின்றனர். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதுவதும், காவல் நிலையத்துக்குத் தகவல் செல்வதும் நடைமுறை. ஆனால் அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 115-ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு போன்ற பொதுவான தற்கொலை முயற்சிக் குற்றம் இடம்பெறவில்லை. உண்மையைச் சொன்னால் சரியான மருத்துவம் கிடைக்கும். மறைத்தால் உயிர் போகும்.

காவல்துறையின் பணியும் மாறியுள்ளது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது 100-ஆம் பிரிவு.

பேசத் தொலைபேசி

இரவில் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இப்போது விடை உண்டு. மைய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. இதன் எண் 14416. எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும், சினேகாவின் 044-24640050 என்ற எண்ணும் உள்ளன. நோயாளி மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் தாயும், மனைவியும், அண்ணனும் இவற்றில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 108.

எஞ்சியிருக்கும் இடைவெளி

நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஆய்வு நடந்த வேளையில் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்ததாகக் கண்டது. நோயின் வகைக்கேற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இத்தாலி 1978-இல் சட்டமியற்றிப் பெரிய மனநோய் மருத்துவமனைகளை மூடத் தொடங்கி, பொது மருத்துவமனைகளிலேயே 15 படுக்கைகளுக்கு மிகாத மனநலப் பிரிவுகளை அமைத்தது. நோயாளி தன் ஊரை விட்டு வெகுதூரம் போகாமல் குணமடைய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஏரிக்கரைக்கும் அதுவே பொருந்தும். பொன்னேரியில் நின்றுவிடக்கூடிய நெருக்கடிக்குக் கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை.

நெருக்கடி தீர்ந்து வீடு திரும்பியவரின் நிலைதான் இதில் பெரும்பாலும் கவனிக்கப்படாத பகுதி. தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துவதே மறுபடி நோய் வருவதற்கு முதன்மையான காரணம். கடலுக்குப் போகிறவருக்கு மருந்து தரும் தூக்கம் தொழிலுக்கு இடையூறாகலாம். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். தானாக நிறுத்தக் கூடாது. பள்ளி ஆசிரியர், கிராமச் செவிலியர், ஊர்ப் பெரியவர் ஆகியோர் 'மருந்து வாங்கினாயா' என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவில்லை.

பாடு முறையில் ஒரு வீட்டின் முறையை ஊர் மறப்பதில்லை. நோயுற்றுத் திரும்பியவருடைய முறையையும் ஊர் காத்து வைத்திருந்து, வலையை அவர் கையில் கொடுக்குமானால், அவருடைய சிகிச்சையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். 1794-இல் 16 பேரை ஒரு மதிலுக்குள் வைத்ததில் தொடங்கிய இந்த வரலாறு, இன்று மருத்துவமனைக் கதவை எந்த நேரமும் தட்டலாம் என்ற உரிமையில் வந்து நிற்கிறது. அந்த உரிமை இருப்பதை ஏரிக்கரையின் ஒவ்வொரு வீடும் அறிந்திருப்பதே அடுத்து ஆக வேண்டியது.